வீட்டில் எஸ்பிரெசோ: மெஷினுக்கு முன்னால் கிரைண்டர்

வீட்டிலேயே எஸ்பிரெசோ போட வேண்டும் என்று ஆசை வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது மெஷினைத்தான். சில ஆயிரம் ரூபாய்க்கும் ஒன்று இருக்கிறது, லட்சத்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. இரண்டும் காபிதானே போடுகின்றன, எதற்கு இத்தனை வித்தியாசம் என்று குழம்பிப் போவீர்கள். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்பையில் விழும் காபியின் ருசியைப் பெருமளவு தீர்மானிப்பது, கொட்டையை அரைக்கும் கிரைண்டர். கையில் இருக்கும் பணத்தில் பாதியை அதற்கு ஒதுக்குங்கள். மெஷினைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில், எஸ்பிரெசோ என்றால் என்ன? பொருட்காட்சியிலும் கல்யாண வரவேற்பிலும் நுரை பொங்க, மேலே கோகோ தூவித் தருவார்களே, அதுவா? அது பாலில் இன்ஸ்டன்ட் பொடியும் சர்க்கரையும் போட்டு ஆவி அடித்த காபி. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாம் பேசப்போவது வேறு.

நைசாக அரைத்த காபித் தூளை ஒரு சிறு வட்டக் கிண்ணியில் போட்டு அழுத்துகிறோம். 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரை, சுமார் 9 பார் அழுத்தத்தில் (பார்: அழுத்தத்தின் அளவு, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்) அதன் ஊடே தள்ளுகிறோம். அரை நிமிடத்துக்குள் கெட்டியான, கரும்பழுப்பான சாறு இறங்குகிறது. இதுதான் எஸ்பிரெசோ. வீட்டில் பழகுபவர்கள் பெரும்பாலும் 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் சாறு எடுக்கிறார்கள். இரண்டே மடக்கு.

நம் பித்தளை பில்டரில் வெந்நீர் தன் எடையால் மட்டும் சொட்டுச் சொட்டாக இறங்கும். டிகாஷன் சேர நேரம் பிடிக்கும். ஆனால் அந்த நிதானமே பல தவறுகளை மன்னித்துவிடும். தூள் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் காபி குடிக்கும்படி இருக்கும். எஸ்பிரெசோவில் எல்லாம் 25, 30 நொடிக்குள் நடந்து முடிகிறது. அதனால் சின்னப் பிசகும் நாக்குக்குத் தெரிந்துவிடும். இந்தப் பொழுதுபோக்கின் சிரமமும் சுவாரஸ்யமும் அங்கேதான் இருக்கின்றன.

9 பார் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? இத்தாலியிலிருந்து. மிலானைச் சேர்ந்த லூயிஜி பெசெரா 1901-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மெஷின், கொதிகலனில் சேரும் ஆவியைக் கொண்டே நீரைத் தள்ளியது. அழுத்தம் 2 பாரைக்கூட எட்டுவது அரிது. காபியில் கருகல் வாடையும் ஏறியது. அதே மிலானின் அக்கீலே காஜியா, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நெம்புகோலும் ஸ்பிரிங்கும் வைத்து அழுத்தத்தைப் பல மடங்கு, இந்த 9 பாரை ஒட்டி, உயர்த்தினார். அப்போதுதான் காபியின் மேல் பொன்னிற நுரைப்படலம் முதன்முதலாகத் தோன்றியது. அதன் பெயர் க்ரேமா (கொட்டைக்குள் இருக்கும் கரியமில வாயுவும் எண்ணெயும் சேர்ந்து உண்டாக்கும் நுரை). 1961-இல் ஃபெயிமா நிறுவனத்தின் ஈ61 மெஷின், கை வலிக்க நெம்புகோலை இழுக்கும் வேலையை மின்பம்பிடம் ஒப்படைத்தது. இன்று உங்கள் சமையலறைக்கு வரும் மெஷின்கள் அந்த வழியில் வந்தவை.

அப்படியானால் பெட்டியின் மேல் '15 பார்', '20 பார்' என்று போட்டிருந்தால் இன்னும் நல்லதா? இல்லை. அது பம்ப் அதிகபட்சம் எவ்வளவு தள்ளும் என்பதைக் காட்டும் எண். காபிக்கு வேண்டியது 9 பார்தான். நல்ல மெஷின்களில் கூடுதல் அழுத்தத்தை ஒரு வால்வு வெளியேற்றிவிடும். அந்த எண்ணைப் பார்த்து மெஷின் வாங்காதீர்கள்.

இனி கிரைண்டருக்கு வருவோம். தூள் எவ்வளவு நைசாக இருக்கிறது என்பதுதான் நீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை முடிவு செய்கிறது. கொரகொரப்பாக இருந்தால் நீர் விறுவிறுவென்று ஓடிவிடும். சாரம் முழுக்க இறங்காது. அளவுக்கு மீறி நைசாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் மிகக் குறுகலானது. நல்ல கிரைண்டரில் அரைவைப் பதத்தை ஒரு சொடுக்கு நகர்த்தினால் ஷாட் (ஒரு முறை இறக்கும் எஸ்பிரெசோ) ஐந்தாறு நொடி கூடும் அல்லது குறையும். இவ்வளவு நுணுக்கமாக நகர்த்த முடியாத கிரைண்டர் இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த மெஷினும் உங்களுக்கு உதவாது.

வீட்டில் இருக்கும் மிக்ஸி போதாதா? போதாது. மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கும். ஒரே ஜாரில் மாவும் இருக்கும், குருணையும் இருக்கும். மாவு கசப்பைத் தரும், குருணை புளிப்பைத் தரும். இரண்டும் ஒரே கோப்பையில் சேரும். இன்றைக்கு வந்த பதம் நாளைக்கு வராது என்பது அதைவிடப் பெரிய தொல்லை. உங்களுக்கு வேண்டியது பர் கிரைண்டர் (பல் வைத்த இரண்டு வளையங்களுக்கு நடுவே கொட்டையை நசுக்கி ஒரே அளவாக அரைப்பது). அதிலும் எஸ்பிரெசோ பதத்துக்கு அரைக்கும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கும் ஒன்றைப் பாருங்கள்.

கையால் சுற்றுவதா, மின்சாரத்தில் ஓடுவதா? தனி ஆளாகக் குடிப்பவருக்குக் கையால் சுற்றுவதே என் சிபாரிசு. அதே தரத்துக்கு மின்சாரக் கிரைண்டரைவிட விலை நன்றாகக் குறையும், அதிகாலையில் வீட்டாரை எழுப்பாது, உள்ளே தூள் தங்காது. 18 கிராம் அரைக்க ஓரிரு நிமிடம் கை வலிக்கும். வீட்டில் மூன்று நான்கு பேர் குடிப்பீர்கள் என்றால் மின்சாரம்தான் சரி.

கடையிலேயே அரைத்து வாங்கினால் என்ன? நம் ஊர்க் காபிக் கடையில் கண்ணெதிரே அரைத்துத் தருவார்கள், மணம் தெருவையே தூக்கும். பில்டருக்கு அது போதும். எஸ்பிரெசோவுக்கு இரண்டு தடை. ஒன்று, ஷாட் வேகமாக ஓடிவிட்டால் தூளை இன்னும் நைசாக்க உங்களிடம் வழி இல்லை. பாக்கெட் தீரும்வரை அதே பதம்தான். இரண்டு, அரைத்த தூளிலிருந்து வாயுவும் மணமும் மிக விரைவாகப் போய்விடும். இரண்டு மூன்று நாளில் அது வேறு தூளாகிவிடும்.

ஆனால் அதே கடைக்காரர் உங்களுக்கு உதவலாம். கொட்டையாகவே கேளுங்கள்: "பீபெரி கால் கிலோ, அரைக்க வேண்டாம், சிக்கரி வேண்டாம், எப்போ வறுத்தது?" இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் கடை உங்கள் பக்கத்தில் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். சிக்கரி ஏன் கூடாது? அது தண்ணீரில் எளிதில் கரைந்து பிசுபிசுக்கும், மெஷினின் சல்லடைத் துளைகளை அடைக்கும். பில்டரில் அதற்கென்று ஓர் இடம் உண்டு, மெஷினில் இல்லை.

எந்தக் கொட்டை வாங்குவது? பழகும்போது நடுத்தரத்திலிருந்து சற்றுக் கருமையான வறுவலை வாங்குங்கள். வெளிர் வறுவலில் பழ வாசனையும் நுட்பமான ருசிகளும் உண்டு. ஆனால் அதன் சாரம் லேசில் இறங்காது. இன்னும் நைசான அரைவை, கூடுதல் சூடு, நல்ல கிரைண்டர் எல்லாம் கேட்கும். புதிதாகத் தொடங்குபவரின் மனத்தை அது ஒடித்துவிடும்.

இந்தியக் கொட்டை எஸ்பிரெசோவுக்குச் சரிப்படுமா என்ற சந்தேகம் சிலருக்கு உண்டு. இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடே இத்தாலிதான். அங்கே எஸ்பிரெசோக் கலவைகளில் நம் ரோபஸ்டா வகைக் கொட்டை சேர்கிறது. அது தடிமனையும் நுரையையும் கொடுக்கும். மேற்குக் கடற்கரையின் மழைக்காற்றில் ஊறவிட்டுப் பதப்படுத்தும் மான்சூன்டு மலபாருக்கும் எஸ்பிரெசோ உலகில் நல்ல பெயர் உண்டு. புளிப்பு குறைவு, கனம் அதிகம். சிக்மகளூர், குடகு, ஏற்காடு, வால்பாறை என்று நமக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே தோட்டங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பாக்கெட்டைத் தேடிப் போகாதீர்கள். அது கப்பலில் வந்து சேரும்போதே பழசாகியிருக்கும்.

வறுத்த அன்றே போடலாமா? பொறுங்கள். புதிதாக வறுத்த கொட்டைக்குள் வாயு நிறைந்திருக்கும். நுரையாகப் பொங்கும், ருசி நிலைக்காது. வறுத்த தேதியிலிருந்து 7 முதல் 14 நாள் கழித்துத் தொடங்குங்கள். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பிரிட்ஜின் கீழ்த்தட்டு வேண்டாம். ஈரமும் மற்றச் சாமான்களின் வாசனையும் ஏறும். அதிகம் வாங்கிவிட்டால், சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் காற்றில்லாமல் கட்டி ஃப்ரீசரில் வைக்கலாம்.

இப்போது மெஷின். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இரட்டைச் சுவர்க் கிண்ணி இருக்கும் (அடியில் ஒரே ஒரு ஊசித்துளை வழியே சாற்றைப் பீய்ச்சி நுரை வரவழைப்பது). எந்தத் தூளைப் போட்டாலும் நுரை வரும். ஆனால் அது க்ரேமா இல்லை, ருசியைத் திருத்தவும் வழியில்லை. அப்படிப்பட்ட மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். அதற்குப் பொருந்தும் ஒற்றைச் சுவர்க் கிண்ணி தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். நல்ல கிரைண்டரோடு சேர்ந்தால் அந்தச் சின்ன மெஷினும் வியக்கும்படி நல்ல காபி தரும்.

மின்சாரமே இல்லாத கை நெம்பு மெஷின்களும் உண்டு. ஃப்ளேர், கேஃபலாட் ரோபோ போன்றவை. கெட்டிலில் நீரைக் கொதிக்கவைத்து ஊற்றி, உங்கள் கைகளாலேயே அழுத்த வேண்டும். உள்ளே பழுதாக அதிகம் எதுவும் இல்லை. பால் நுரைக்க மட்டும் வசதி கிடையாது. பாலில்லாமல் குடிக்கப் போகிறீர்கள், இடமும் குறைவு என்றால் என் ஓட்டு இவற்றுக்கே.

அடுத்தது ஒற்றைக் கொதிகலன் மெஷின். 1991-இல் வந்த காஜியா கிளாசிக் இந்த வகைக்கு நல்ல உதாரணம். திருத்தங்களோடு இன்றும் விற்கிறது. சூடேறி நிலைப்பட 15, 20 நிமிடம் ஆகும். காபி இறக்கிவிட்டுப் பாலுக்கு ஆவி வரக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பிடிக்காதவர்களுக்கு, ஓடும் நீரை உடனுக்குடன் சூடாக்கும் சிறு மெஷின்கள் இருக்கின்றன. உதிரி பாகம் நம் ஊரில் கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் உண்டா என்பதை விசாரித்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வருகிறார் என்றால்? வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. செருகினால் மெஷின் போய்விடும். இங்கே வாங்கும் மெஷினுக்கும் ஒன்று கவனியுங்கள்: பல மெஷின்கள் 1,400 வாட்டுக்கு மேல் இழுக்கும். செல்போன் சார்ஜர் செருகும் 6 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும்.

மோக்கா பாட் போதாதா? இத்தாலியில் 1933-இல் பியாலெட்டி கொண்டுவந்த அந்த அடுப்புக் குடுவை அருமையான பொருள்தான். ஆனால் அதில் அழுத்தம் 1, 2 பார் அளவில் நின்றுவிடும். கெட்டியான காபி கிடைக்கும், எஸ்பிரெசோ கிடைக்காது. பால் சேர்த்துக் குடிப்பவர்களில் பலருக்கு அந்தக் கெட்டியே போதுமானது. முதலில் ஒரு நண்பர் வீட்டு மோக்கா பாட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆசை அங்கேயே தணிந்துவிட்டால் நிறையப் பணம் மிச்சம்.

தண்ணீரைப் பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை. பிறகு மெஷின் பழுதாகும்போது கேட்கிறார்கள். போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைப் படலம் மெஷினின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். அங்கே உங்கள் கை போகாது. அப்படியானால் உப்பே இல்லாத காய்ச்சி வடித்த நீரை ஊற்றலாமா? காபி சப்பென்று இருக்கும். உலோகத்தை அரிக்கவும் கூடும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) லிட்டருக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரை இருந்தால் பெரும்பாலும் போதும். ஆர்.ஓ. சர்வீஸ் செய்ய வருபவரிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள்; மீட்டர் அவர் பையிலேயே இருக்கும்.

இனி ஒரு ஷாட்டைக் கிட்டே நின்று பார்ப்போம். மெஷினை முன்னதாகவே போட்டு, போர்ட்டாபில்டரையும் (தூள் வைக்கும் கிண்ணியைத் தாங்கும் கைப்பிடி) அதில் மாட்டிச் சூடாக விடுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் தராசில் 18 கிராம் கொட்டையை நிறுத்துங்கள். ஸ்பூன் காம்பைத் தண்ணீரில் தொட்டு, ஒரே ஒரு சொட்டு கொட்டையில் படும்படி கிளறுங்கள். தூள் மின்னேற்றம் பெற்றுப் பறந்து எங்கும் ஒட்டுவது நின்றுவிடும். அரைத்த தூளை விரல்களுக்கிடையே தேய்த்தால் மாவாக ஒட்டிக்கொண்டாலும் லேசாக நெருட வேண்டும்.

தூளைக் கிண்ணியில் கொட்டியதும் மெல்லிய ஊசிகளால் அடிவரை கிளறிக் கட்டிகளை உடையுங்கள். ஒரு கார்க்கில் நான்கைந்து அக்குபங்சர் ஊசிகளைக் குத்தினால் போதும், கருவி தயார். பிறகு டாம்ப்பரால் (தூளை அழுத்தும் தட்டையான உலோகக் குமிழ்) நேர் கீழாக அழுத்துங்கள். எவ்வளவு பலம் வேண்டும்? தூள் இதற்கு மேல் இறங்காது என்று கைக்குத் தெரியும்வரை. பலத்தைவிடச் சமமாக அழுத்துவதே முக்கியம்.

ஏன் இவ்வளவு கவனம்? தூளில் எங்கேயாவது இளக்கமான இடம் இருந்தால், வரப்பில் எலி வளை கண்ட தண்ணீரைப்போல, நீர் முழுவதும் அந்த வழியே பாய்ந்துவிடும். அந்த இடத்தில் தூள் கசக்கும்வரை கழுவப்படும். மற்ற இடத்தில் நனைந்ததோடு சரி. அதனால் ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். இப்படி வந்தால் அரைவையை மாற்றாதீர்கள். கிளறுவதையும் அழுத்துவதையும் சரிசெய்யுங்கள்.

கோப்பையைத் தராசின் மேல் வைத்து, பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து நேரத்தை எண்ணுங்கள். ஐந்து முதல் பத்து நொடிக்குள் முதல் சொட்டு விழ வேண்டும். முதலில் கன்னங்கரேலென்று தடித்து வரும், பிறகு செம்பழுப்பாக ஒரே இழையாக இறங்கும், கடைசியில் வெளிறி நீர்க்கும். 34 கிராம் காட்டும்போதே நிறுத்திவிடுங்கள். மீதி சொட்டி 36 ஆகிவிடும். நேரம் 25 முதல் 30 நொடிக்குள் இருந்தால் தொடக்கத்துக்கு நல்லது.

நேரம் சரியாக வந்துவிட்டால் காபியும் சரிதானா? நாக்குதான் சொல்ல வேண்டும். ஸ்பூனால் கலக்கிவிட்டுக் குடியுங்கள், ஏனென்றால் அடியிலும் மேலேயும் ருசி வேறு வேறாக இருக்கும். சுருக்கென்று புளித்து, நீர்த்து, உடனே மறைந்தால் சாரம் போதிய அளவு இறங்கவில்லை. அடுத்த முறை ஒரு சொடுக்கு நைசாக்குங்கள். கசந்து, நாக்கு வறண்டு, துவர்ப்பு வெகுநேரம் தங்கினால் சாரம் மிதமிஞ்சி இறங்கிவிட்டது. ஒரு சொடுக்குக் கொரகொரப்பாக்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். தூளின் எடை 18, சாற்றின் எடை 36, இரண்டையும் அசைக்காதீர்கள். அரைவையை மட்டும் நகர்த்துங்கள். உதாரணமாக, 15 நொடியில் 36 கிராம் ஓடிவந்து புளிக்கிறது. ஐந்து சொடுக்கு நைசாக்கினால் 45 நொடி இழுத்துக் கசக்கிறது. மூன்று சொடுக்கு பின்னால் வந்தால் இடம் கிடைத்துவிடும். தூள், சாறு, அரைவை மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது திருத்தியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு சின்ன நோட்டில் தேதி, கொட்டை, சொடுக்கு எண், நொடி, ருசி ஐந்தையும் குறித்துவையுங்கள்.

புளிப்பும் கசப்பும் எனக்குப் பிரித்துத் தெரியவில்லையே என்கிறீர்களா? கெட்டியான சாற்றில் பலருக்கும் அப்படித்தான். இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள். மூன்று கோப்பைகளை எடுத்துக்கொண்டு, ஷாட் இறங்கும்போது பத்து நொடிக்கு ஒரு கோப்பையாக மாற்றுங்கள். முதல் கோப்பை கெட்டியாக, புளிப்பும் லேசான உப்புமாக இருக்கும். நடுக்கோப்பையில் இனிப்பு தலைகாட்டும். மூன்றாவது வெளிறிக் கசக்கும். மூன்றையும் ஒன்றாகக் கலந்து குடித்தால், தனித்தனியே முகம் சுளிக்க வைத்தவை ஒன்றையொன்று சமன் செய்வது புரியும். நூறு பக்கம் படித்தாலும் வராத தெளிவு இதில் வரும். இதற்குச் செலவு 18 கிராம் கொட்டை.

கொட்டைச் செலவு எவ்வளவு ஆகும்? கால் கிலோவில் 18 கிராம் வீதம் கிட்டத்தட்ட 14 ஷாட் வரும். பாக்கெட் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஷாட்டுக்கு 36 ரூபாய். ஒவ்வொரு புதுப் பாக்கெட்டிலும் முதல் மூன்று நான்கு ஷாட் பதம் பிடிக்கவே போகும் என்று கணக்கில் வையுங்கள். அதனால் தொடக்கத்தில் வாரம் ஒரு கொட்டை மாற்றாமல், ஒரே கொட்டையை இரண்டு மூன்று முறை வாங்குங்கள். கொட்டை பழசாக ஆக, ஷாட் வேகமாக ஓடத் தொடங்கும்; அரைவையைக் கொஞ்சம் கொஞ்சமாக நைசாக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும். இது மெஷினின் பழுது இல்லை.

பால் சேர்க்கலாமா? தாராளமாக. சர்க்கரை? இத்தாலியர்களே போட்டுக் குடிக்கிறார்கள், உங்களை யார் கேட்பது. பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்தது என்பதால், பிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில்லென்று இருக்கும்போதே நேராக ஆவி அடிக்கலாம். நுரைக்கக் கூடுதல் நேரம் கிடைக்கும். கறந்த பால் என்றால் காய்ச்சி, ஆறவைத்து, குளிரவைத்த பிறகே. ஆவிக்குழாயின் நுனியைப் பாலின் மேற்பரப்பை ஒட்டிப் பிடித்து 'ஸ்ஸ்' என்ற சத்தத்தோடு கொஞ்சம் காற்றை உள்ளே விடுங்கள், பிறகு நுனியைச் சற்று அமிழ்த்திப் பாலைச் சுழலவிடுங்கள். 60 முதல் 65 டிகிரியில் நிறுத்துங்கள். பாத்திரத்தைக் கையால் தொட்டுக்கொண்டிருக்க முடியாத கட்டம் அது. கொதிக்கவிட்டால் பாலின் இனிப்பும் நுரையின் மென்மையும் போய்விடும். நம் வாய்க்கு இந்தச் சூடு போதாது என்று தோன்றும். கோப்பையை முன்னதாக வெந்நீரால் சூடாக்கினால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

உடம்புக்கு எவ்வளவு தாங்கும்? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கஃபீன் (காபியில் உள்ள தூக்கம் விரட்டும் பொருள்) பெரும்பாலும் பிரச்சினை இல்லை, கர்ப்பிணிகளுக்கு 200. 18 கிராமில் எடுத்த ஒரு ஷாட்டில் 120 மில்லிகிராமை ஒட்டி இருக்கும், ரோபஸ்டா சேர்ந்தால் இன்னும் கூடும். பதம் பிடிக்கும் நாளில் எல்லா ஷாட்டையும் முழுதாகக் குடித்தால் இரவு தூக்கம் வராது. ஒரு வாய் ருசி பார்த்து மீதியைக் கொட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனாலும் கொட்டுங்கள்.

சுத்தம் செய்வது ரொம்ப வேலையா? தினமும் செய்தால் ஒரு நிமிடம். ஷாட் முடிந்ததும் சக்கையைத் தட்டிவிட்டு, கிண்ணியைக் கழுவி, மெஷினில் கொஞ்சம் வெறும் வெந்நீரை ஓடவிடுங்கள். பால் நுரைத்த கையோடு ஆவிக்குழாயை ஈரத் துணியால் துடைத்து, ஒரு முறை ஆவியை வெளியே விடுங்கள். பால் காய்ந்து ஒட்டிவிட்டால் உரிப்பது கஷ்டம், குழாய்க்குள்ளும் போய்ப் புளிக்கும். காபியில் திடீரென்று காறல் வாடை அடித்தால், கொட்டையைக் குறை சொல்லும் முன் கிண்ணியின் அடியைப் பாருங்கள். பழைய எண்ணெய் கருப்பாகப் படிந்திருக்கும். சுண்ணாம்பு நீக்க, உங்கள் மெஷினின் கையேட்டில் சொன்ன மருந்தை மட்டும் போடுங்கள். ஷாட் ஓடும்போதோ, அடைத்துக்கொண்டு நிற்கும்போதோ போர்ட்டாபில்டரைத் திருகிக் கழற்றவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீரும் தூளும் முகத்தில் அடிக்கும். அணைத்துவிட்டு அழுத்தம் இறங்கும்வரை காத்திருங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆவிக்குழாய் சுவர்ப் பக்கம் இருக்கட்டும்.

இதெல்லாம் எனக்குச் சரிப்படுமா என்று கேட்பீர்கள். காலையில் ஏழு மணிக்கு ஆறு பேருக்கு டபராவில் காபி கொடுக்க வேண்டிய வீடு என்றால், பில்டரே போதும். அதை எந்த மெஷினும் வெல்லாது. எஸ்பிரெசோ அவசரத்துக்கு ஆகாது. சூடேற்றி, அரைத்து, இறக்கி, துடைத்து முடிக்க அரை மணி போகும். அந்த அரை மணியே பிடித்திருக்கிறது, நேற்றைய கோப்பையைவிட இன்றையது ஏன் மேல் என்று யோசிப்பது பிடித்திருக்கிறது என்றால் தயங்காமல் இறங்குங்கள்.

இறங்கும்போது இந்த வரிசையில் போங்கள். முதலில், நன்றாக எஸ்பிரெசோ போடும் ஒரு கடையில் பாலில்லாமல் ஒன்று குடித்துப் பாருங்கள். அந்த ருசி பிடிக்காவிட்டால் செலவே வேண்டாம். பிடித்தால், நல்ல கிரைண்டரும் தராசும் மட்டும் வாங்குங்கள். சில மாதம் உங்கள் பித்தளை பில்டருக்கே அவ்வப்போது அரைத்துப் போடுங்கள். காபி அப்போதே தேறிவிடும். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் மெஷின் வாங்குங்கள். குறைந்துவிட்டாலும் கிரைண்டர் வீணாகாது.